செம்பிற் களிம்பு: உலோகங்களின் தாக்கத் தொடரும் தமிழ் விஞ்ஞான உரைநடையும்

1

தமிழ்த் திறனாய்வு தன் எல்லைக்குள் எவற்றை ஏற்றுக்கொண்டுள்ளது என்பதை நோக்கினால், அதன் வர்க்கச் சார்பு ஓரளவு புலப்படும். கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியன ஆராயப்படுகின்றன. சமய உரைகள்கூட உரைநடை வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஆயின் தமிழ் மாணவர் இலட்சக்கணக்கில் வாசித்த, வாசித்துவருகின்ற விஞ்ஞானப் பாடநூலின் உரைநடை எவராலும் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படுவதில்லை. கலைச்சொற் பட்டியல்கள் பற்றிய விவாதம் உண்டு. சொற்கள் கூடி வாக்கியமாகி, வாக்கியங்கள் கூடிச் சிந்தனை முறையாகும் விதம் பற்றிய விவாதம் இல்லை. இக்கட்டுரை அத்தகைய விவாதத்துக்கான ஒரு முயற்சியாகும்.

இதற்கென நாம் தெரிந்துகொள்வது க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் இடம்பெறும் ஒரு சிறுபகுதியை: உலோகங்களின் தாக்கத் தொடரையும், அதனைக் கொண்டு இரசாயனத் தாக்கங்களை எதிர்வுகூறும் முறையையும். பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், ஐதரசன், செம்பு, இரசம், வெள்ளி, பொன், பிளாற்றினம் என்னும் வரிசையே அது. ஐதரசன் உலோகமன்று எனினும் ஒப்பீட்டுக்காக இடையில் நிறுத்தப்பட்டுள்ளது. மாணவர் இதனை முதலெழுத்துக்களைக் கோத்து மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். மனனத்துக்குரிய பட்டியலாக அதனைக் கற்பிக்கும் மரபு, அதிற் பொதிந்துள்ள அறிவுப் புரட்சியை மறைத்துவிடுகின்றது என்பதே நமது வாதம். அப்புரட்சியைச் சுருங்கக் கூறின், பொருளின் பண்பை அதன் பிறப்பியல்பாகக் காணும் நோக்கிலிருந்து, பிற பொருள்களோடு அது கொள்ளும் உறவாகக் காணும் நோக்குக்கு மாறுதல் எனலாம்.

2

வாதத்தை நிலத்தில் நிறுத்தும் பொருட்டு யாழ்ப்பாணத் தீவகத்துக் கிராமம் ஒன்றை, ஊர்காவற்றுறையை அடுத்துள்ள புளியங்கூடலை, எடுத்துக்கொள்வோம். லைடன் தீவு எனவும் வேலணைத்தீவு எனவும் வழங்கும் தீவில் அமைந்தது அவ்வூர். கடற்காற்றின் உவர்ப்பு இரும்பை விரைந்து அரிக்கும் சூழல். ஊர்ப்பெயரிலேயே புளி இருக்கின்றது. அங்குள்ள வீடொன்றில் இருக்கக்கூடிய மூன்று பொருள்கள் நமக்குப் போதுமானவை: நாகமுலாமிட்ட கிணற்று வாளி, தகரப்பேணி, புளியிட்டுத் துலக்கிய செம்புக்குடம்.

வாளியும் பேணியும் உள்ளே இரும்பால் ஆனவையே. ஒன்றின்மேல் நாகமும் மற்றதன்மேல் வெள்ளீயமும் பூசப்பட்டுள்ளன. பூச்சுக் குலையாதவரை இரண்டும் இரும்பைக் காக்கும். பூச்சிலே கீறல் விழுந்தபின் என்ன நிகழும்? தொடரைப் பார்த்தால் விடை கிடைக்கும். நாகம் இரும்புக்கு மேலே நிற்பது. ஆகவே ஈரமும் உப்பும் சேர்ந்தவிடத்து நாகமே முந்திக் கரையும், இரும்பு பிழைக்கும். வெள்ளீயம் இரும்புக்குக் கீழே நிற்பது. ஆகவே கீறிய இடத்தில் இரும்பே கரையும், அதுவும் பூச்சில்லாத இரும்பைக் காட்டிலும் விரைவாகக் கரையும். இதனை எண்ணாலும் கூறலாம். நியம மின்வாயழுத்தம் நாகத்துக்கு -0.76 வோல்ற்று, இரும்புக்கு -0.44, வெள்ளீயத்துக்கு -0.14, செம்புக்கு +0.34. பழைய வாளி கீறல்களோடும் நீண்டகாலம் உழைப்பதற்கும், நெளிந்த பேணி சில மாதங்களில் ஓட்டையாவதற்கும் காரணம் இவ்வரிசையே.

செம்புக்குடத்தின் கதை வேறு. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் செம்பின் மேற்படிந்த ஒட்சைட்டையும் பச்சைக் களிம்பையும் கரைத்து அகற்றுகின்றது. செம்பு ஐதரசனுக்குக் கீழே நிற்பதால், அமிலத்திலிருந்து ஐதரசனை வெளியேற்றும் வலிமை அதற்கில்லை. ஆதலின் துலக்கும்போது அழுக்குப் போகின்றது, குடம் நிற்கின்றது. ஆயினும் புளிக்கறியை அதே பாத்திரத்தில் இரவு முழுதும் வைத்தால், காற்றிலுள்ள ஒட்சிசன் துணைநிற்கச் செம்பு மெல்லக் கரைந்து உணவை நஞ்சாக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழில் தோன்றியமைக்குக் காரணம் இதுவேயாம். ஈயம் எனப் பேச்சில் வழங்கினும் அங்குப் பூசப்படுவது வெள்ளீயமே.

இன்னுமோர் உதாரணம். சித்த வைத்தியர் துருசு என்றும் மயில்துத்தம் என்றும் வழங்குவது செம்புச் சல்பேற்று. அதன் நீலக் கரைசலில் இரும்பாணி ஒன்றை இட்டால், ஆணியின்மேற் செந்நிறச் செம்பு படியும், நீலம் மங்கி வெளிறிய பச்சை தோன்றும். இரும்புச் சல்பேற்றுக் கரைசலிற் செம்புக் கம்பியை இட்டால் எதுவும் நிகழாது. அதே கம்பியை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டால் வெள்ளி படியும். இரும்பின்முன் வலிமையற்ற செம்பு, வெள்ளியின்முன் வலிமை பெறுகின்றது. எனவே செம்பு தாக்கத்திறன் உடையதா, அற்றதா என்னும் வினாவே பிழையானது. எதன்முன், எந்த ஊடகத்தில், எந்நிலையில் என்று கேட்பதே இரசாயனம்.

எதிர்வுகூறல் என்னும் சொல்லும் இவ்விடத்தே சிந்திக்கத்தக்கது. நமது சமுதாயத்தில் எதிர்காலம் உரைப்போர் பலருளர். சோதிடமும் குறியும் பொய்க்கும்போது அதற்கு விளக்கம் கூறித் தப்பித்துக்கொள்வன. தாக்கத் தொடரோ தான் பொய்க்கக்கூடிய இடத்தை முன்னரே கூறிவிடுகின்றது. ஆணியில் செம்பு படியாவிடின், பிழை கோட்பாட்டிலா, கரைசலிலா, ஆணியின் மேற்பரப்பிலா என்று தேடவேண்டும். இத்தேடலே விஞ்ஞான மனப்பாங்கு. பட்டியலை ஒப்புவிக்கும் மாணவன் அதனை வேதம்போல் ஓதுகின்றானேயன்றி எதிர்வுகூறுகின்றானல்லன்.

3

உறவை வலியுறுத்தும் இந்நோக்கு, நமது மரபுச் சிந்தனையோடு எவ்விடத்தில் மோதுகின்றது என்பதைக் காண்போம். செம்பிற் களிம்பு என்னும் உவமை சைவசித்தாந்தத்திற் பயின்றுவருவது. செம்பு உள்ள அன்றே களிம்பும் உடனுள்ளது போல, உயிர் உள்ள அன்றே ஆணவமலமும் உடனுள்ளது என்பது கருத்து. யாழ்ப்பாணத்துச் சைவப் பாரம்பரியத்தில் ஊறியவர்களுக்கு இவ்வுவமை புதிதன்று. தத்துவக் கருவி என்ற வகையில் அதன் நுட்பத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் பொருளுலகு பற்றிய கூற்றாக அதனை எடுத்துக்கொண்டால், அது தலைகீழானது. களிம்பு செம்போடு பிறந்ததன்று. காற்று, ஈரம், கரியமிலவாயு, அமிலம் ஆகியவற்றோடு செம்பு கொண்ட உறவின் விளைவே அது. உலர்ந்த தூய சூழலில் இருக்கும் செம்பு பச்சை பூப்பதில்லை.

உவமையின் பிழை இரசாயனத்தோடு நின்றுவிடுவதன்று. குறை பிறப்போடு வருவது என்னும் சிந்தனை, சாதியமைப்பு வேரூன்றிய சமுதாயத்தில் மிக எளிதாகச் சமூகப் பயன்பாடு பெற்றுவிடுகின்றது. அச்சமுதாயம் உலோகங்களையும் தனக்கேற்ப வரிசைப்படுத்தியது. பொன் என்ற சொல் பழந்தமிழில் உலோகங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகவும் வழங்கியது. இரும்பு கரும்பொன் எனவும் வெள்ளி வெண்பொன் எனவும் பெயர்பெற்றன. அனைத்தையும் பொன்னைக் கொண்டு அளக்கும் இவ்வரிசை மதிப்பின் வரிசை. யாழ்ப்பாணத்து உயர்சாதி வீடுகளிற் பித்தளை மூக்குப்பேணி, வாய்படாது அருந்துவதற்கேற்ற வடிவில் அமைந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தேநீர்க்கடைகளிலே சிரட்டையும் தகரமும் போத்தலும் வேறாக வைக்கப்பட்டன. 1966 ஒக்ரோபரில் எழுச்சிபெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தின் இலக்குகளுள் தேநீர்க்கடைப் பிரவேசமும் ஒன்றாக இருந்தமை இதனாலாம்.

இரசாயன வரிசை இம்மதிப்பு வரிசையை ஏறத்தாழத் தலைகீழாக்குகின்றது. பொன் அடியிலே கிடக்கின்றது. எதனோடும் எளிதிற் கூடாமையே அதன் சிறப்பு. ஆகவேதான் புதைத்தாலும் அழியாது சேமிப்புக்குரிய பொருளாயிற்று, நாணயமாயிற்று. பொன் பணமாகவே பிறந்ததன்று என்றும், பணம் என்ற சமூக உறவு நிலைபெற்றபின் அதற்கேற்ற இயற்கைப் பண்புகள் பொன்னிடத்தே காணப்பட்டன என்றும் மார்க்ஸ் விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஐரோப்பிய மொழிகள் இவ்வுலோகங்களைப் பிரபுக்களுக்குரிய அடைமொழியால் அழைத்தன. தமிழில் அது விழுமிய உலோகம் ஆயிற்று. எதனோடும் கலவாது, எத்தாக்கத்திலும் எளிதில் ஈடுபடாது இருப்பதே விழுமியது எனப் பெயரிட்டவர்கள் எந்த வர்க்கத்தின் கண்கொண்டு நோக்கினர் என்பதை விளக்கவேண்டியதில்லை.

தொடரை அடியிலிருந்து மேனோக்கி வாசித்தால் அது மனித உழைப்பின் வரலாறாகவும் தோற்றும். இயற்கையிலே தனித்துக் கிடைக்கும் பொன்னையும் செம்பையும் மனிதன் முதலிற் கையாண்டான். வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் அடுத்து வந்தது. ஒட்சிசனை இறுகப் பற்றிய இரும்பைப் பிரிக்க உயர்ந்த உலைவெப்பமும் கரியும் தேவைப்பட்டன. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் 1807இல் ஹம்பிரி டேவி மின்னாற் பிரிக்கும்வரை எந்த உலையும் அவற்றைத் தரவில்லை. 1884இல் வாஷிங்ரன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியம் அரிய உலோகமாக வைக்கப்பட்டது. 1886இல் ஹோலும் ஹெரூலும் தனித்தனியே கண்ட மின்பகுப்பு முறையால் அதன் விலை வீழ்ந்தது. பின்னர் அது ஏழையின் சட்டியாயிற்று. உலோகம் மாறவில்லை. அதனை ஆக்குவதற்கு வேண்டிய சமூக உழைப்பின் அளவே மாறிற்று.

4

கைத்தொழிலறிவு நம்மிடையே குறைவாக இருந்ததில்லை. இராசஸ்தானின் சாவர்ப் பகுதியில் நாகத்தை வாலைவடித்துப் பெருமளவில் ஆக்கினர். ஐரோப்பாவில் இத்தொழில் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. சீனத்தில் சொங் அரசர் காலத்தே (960-1279) துருசு நீரில் இரும்பை இட்டுச் செம்பு பெறும் முறை பெருந்தொழிலாக நடைபெற்றது. நமது இரசவாத மரபு ஓர் உலோகம் இன்னோர் உலோகமாக மாறுவதைக் கனவு கண்டது. ஆயினும் உலோகங்களை ஒன்றோடொன்று முறையாக மோதவிட்டு அவற்றின் வரிசையைக் காணும் பணி இங்கு நிகழவில்லை. வொல்ற்றாவின் 1800ஆம் ஆண்டு மின்கலவடுக்கும், 1860களில் கார்கோவ் பல்கலைக்கழகத்தில் நிக்கொலாய் பெக்கெற்றொவ் நிகழ்த்திய ஆய்வுகளும் அதனைச் செய்தன. காரணம் யாது? பிரபுல்ல சந்திர ராய், 1902இல் முதற்றொகுதி வெளிவந்த தமது இந்து இரசாயன வரலாற்றிலே, கைவினையைத் தாழ்ந்த சாதியாருக்கும் சிந்தனையை உயர்ந்தோருக்கும் பிரித்துவைத்த சாதியமைப்பே இந்தியாவில் விஞ்ஞான உணர்வு நலிந்தமைக்குக் காரணம் என வாதித்தார். ஈயம் பூசியவன் எழுதவில்லை. எழுதியவன் ஈயம் பூசவில்லை. இப்பிளவே தமிழ் விஞ்ஞான உரைநடையின் பிறவிக் குறை எனப்பட்டது எனின், அது பிறவிக் குறையன்று, வரலாற்றுக் குறை என்பதே நமது விடை.

அவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பிடம் உண்டு. லைடன் தீவுக்கும் வட்டுக்கோட்டைக் கரைக்கும் இடையே கிடப்பது ஆழமற்ற கடனீரேரியே. அக்கரையில் 1823 முதல் 1855 வரை இயங்கிய அமெரிக்க மிஷன் செமினரியில் மேனாட்டு விஞ்ஞானம் பாடமாயிற்று. மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) முயற்சியால், கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மதம் பரப்பும் நோக்கும் காலனித்துவச் சூழலும் அம்முயற்சியைச் சூழ்ந்திருந்தன. எனினும் தமிழில் இரசாயனம் சிந்திக்கத்தக்கது என்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. தமிழகத்தில் இராஜாஜி திண்ணை ரசாயனம் எழுதியபோது, தலைப்பினாலேயே அவ்வறிவைத் திண்ணைக்குக் கொணர முனைந்தார். இலங்கையில் தாய்மொழிக் கல்வி இடைநிலை வகுப்புகளுக்கு விரிந்தபின், அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் ஒரு முழுமையான இரசாயன மொழியை ஆக்கின. அம்மொழி தமிழக வழக்கிலிருந்து வேறானது. அங்கு வேதியியல், வினை, துத்தநாகம், தாமிரம், ஒடுக்கம். இங்கு இரசாயனவியல், தாக்கம், நாகம், செம்பு, தாழ்த்தல்.

இவ்வேறுபாட்டை வெறும் வட்டார வழக்காகக் கொள்ளலாகாது. வினை என்பது செயலைக் குறிக்கும் நல்ல சொல். ஆயின் முன்வினை, வினைப்பயன் எனத் தனிப்பொருளின் தலைவிதியைச் சுட்டும் நிழலும் அதனோடு வருகின்றது. தாக்கம் என்பதோ இரண்டு பொருள்களை வேண்டிநிற்கும் சொல். தாக்குவதும் தாக்கப்படுவதும் இன்றித் தாக்கம் இல்லை. உறவை முதன்மைப்படுத்தும் அறிவுக்கு இச்சொல் பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

ஆனால் இன்னொரு சொல்லில் இச்சிறப்புக் கைவிடப்பட்டுள்ளது. ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தை அதன் உப்பிலிருந்து வெளியேற்றுவதை இடப்பெயர்ச்சித் தாக்கம் என்கிறோம். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. பெயர்ச்சி முன்னதன் பெயர். செம்பு தானே இடம்பெயர்ந்தது போன்ற தோற்றத்தை அது தருகின்றது. இரும்பு செம்பைப் பெயர்த்தது என்ற உண்மை சொல்லுக்குள்ளே மறைந்துபோகின்றது. மொழிபெயர்ப்பு எனப் பிறவினையிலிருந்து பெயர் ஆக்கத் தெரிந்த நமக்கு, இடப்பெயர்ப்பு என்பது அரிதன்று. இது இலக்கணப் பிடிவாதம் எனத் தோன்றலாம். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது, புளியங்கூடல் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் பெருந்தொகையினராக ஊரை நீங்கினர். அவர்களுக்கு நாம் இட்ட பெயர் இடம்பெயர்ந்தோர். அங்கும் தன்வினை. பெயர்த்தவர் யார் என்ற வினாவை அச்சொல் எழுப்புவதில்லை. வகுப்பறையில் செய்பவனை மறைக்கும் வாக்கியத்துக்குப் பழகிய மாணவன், செய்தித்தாளிலும் அறிக்கையிலும் அவ்வாக்கியத்தைக் காணும்போது ஐயுறுவதில்லை. விஞ்ஞான உரைநடை திறனாய்வுக்குரியது என நாம் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

5

தொடரின் ஆற்றலைக் கூறியபின் அதன் எல்லையையும் கூறுதல் கடமையாகும். அலுமினியம் நாகத்துக்கு மேலே நிற்பது. எனினும் சாதாரண அலுமினியத் துண்டைத் துருசுக் கரைசலில் இட்டால், நெடுநேரம் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. அதன்மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படை காவல் நிற்கின்றது. கறியுப்பைச் சேர்த்தால் அப்படை குலைந்து தாக்கம் விரைவுறும். ஈயம் ஐதரசனுக்கு மேலே நிற்பினும், ஐதான சல்பூரிக்கமிலத்தில் கரையாத சல்பேற்றுப் படையால் தாக்கம் தடைப்படுகின்றது. சோடியத்தைத் துருசுக் கரைசலில் இட்டால் அது செம்பை நாடுமுன் நீரோடு கடுமையாகத் தாக்கமுறும். தொடர் நிகழத்தக்கதைக் கூறுகின்றது, நிகழும் வேகத்தைக் கூறுவதில்லை.

எதிர்வுகூறல் முற்றிலும் பலித்தபோதும் விளைவு எதிர்பாராததாகலாம். 1824இல் டேவி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்புறத்துச் செம்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, அவற்றோடு நாகத்தையும் இரும்பையும் பொருத்தினார். தொடர் கூறியவாறே செம்பு கரையாது நின்றது. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சூட்டியமையே கடலுயிர்கள் ஒட்டாதிருக்கக் காரணமாக இருந்தது. செம்பு காப்பாற்றப்பட்டதும் கப்பலடி பாசியும் சிப்பியும் மண்டி ஓட்டம் தளர்ந்தது. ஓர் உறவை மாற்றும்போது அதனோடு பிணைந்த பிற உறவுகளும் மாறும் என்னும் இயங்கியல் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இது இலக்கியத் திறனாய்வுக்கும் பொருந்தும். முற்போக்கு அணியினருட் சிலர், எழுத்தாளனின் வர்க்கப் பிறப்பை அறிந்தால் அவன் எழுத்தை எதிர்வுகூறிவிடலாம் எனக் கருதினர். புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935-1973) முற்போக்கு அணியினர்மீது தொடுத்த கண்டனத்தில் இக்குறையைச் சுட்டும் பகுதி நியாயமானது. அவர் சென்றடைந்த ஆன்மிக முடிவுகளை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அவரே 1971இல் ஒடுக்கப்பட்டோர் நன்னீர் அள்ளும் உரிமைக்காகப் புங்குடுதீவிற் போராடினார் என்பதையும் மறத்தலாகாது. ஆன்மிகம் பேசியவர் அனைவரும் பிற்போக்கின் பக்கமே நிற்பர் எனும் சூத்திரம் இங்குப் பொய்க்கின்றது. பொய்த்த இடத்தை ஆராய்வதே மார்க்சியம், சூத்திரத்தைக் காப்பாற்றுவது மார்க்சியமன்று. வர்க்கம் என்பதும் பிறப்பியல்பன்று. அதுவும் ஓர் உறவே.

6

நமது முடிபுகள் நடைமுறை சார்ந்தவை. தாக்கத் தொடர் பட்டியலாகவன்றி, ஒப்பீட்டுச் சோதனைகளின் முடிபாகப் பாடநூலில் எழுதப்படல் வேண்டும். வாளியும் பேணியும் துருசும் புளியும் உதாரணங்களாதல் வேண்டும். தொடர் பொய்க்கும் இடங்கள் அடிக்குறிப்பாகவன்றிப் பாடத்தின் பகுதியாகவே அமைதல் வேண்டும். எப்பொருள் எப்பொருளை என்ன செய்தது என்பது வெளிப்படும் வாக்கியங்களே விஞ்ஞானத் தமிழின் முதற்பண்பாகக் கொள்ளப்படல் வேண்டும்.

2001 முதல் இலங்கை அரசுப் பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் இடம்பெற்றது. வசதியும் ஆசிரியரும் உள்ள நகரப் பாடசாலைகளே அதனாற் பெரிதும் பயனடையும். தீவகத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் தமிழாலேயே வாழவேண்டும். அத்தமிழ் மனனத்துக்குரிய தமிழாகக் குறுகுமாயின், சிந்திப்பதற்கு ஆங்கிலமும் ஒப்புவிப்பதற்குத் தமிழும் என்ற புதிய வருணப் பிரிவு உருவாகும். அப்பிரிவு நம் மொழியின் இயல்பிலிருந்து பிறப்பதன்று. நாம் எழுதும் முறையிலும், நம் கல்வியமைப்பின் உறவுகளிலும் உண்டாவது. செம்பிற் களிம்பைப் போலவே அதுவும் துலக்கி அகற்றத்தக்கது.